கரையில் நின்று கேட்கக் கூடாதது

பாப்பா, ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, உன் அப்பா டிவியை அலறவிட்டிருந்தார், நீ வேறு மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாய். "சரி சரி, எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ டீச்சரா இருந்தப்ப யாராவது இப்படிச் சொன்னா விட்டிருப்பியாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். விட்டிருக்க மாட்டேன்தான். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. நான் சேர்ந்தாற்போல நாலு வாக்கியம் பேசினால் நீ நடுவில் புகுந்து "பாயின்ட்டுக்கு வாம்மா" என்பாய். கடிதத்தில் அது நடக்காது. இதை நம் பழைய டீமின் வாட்ஸ்அப் குரூப்பிலும் போடப்போகிறேன். கவியிடமும் ரெஜினாவிடமும் கேட்டுவிட்டேன், சரி என்றார்கள். ரெஜினா மட்டும், தன்னைப் பற்றி வரும் இடங்களில் கொஞ்சம் ஒல்லியாகக் காட்டச் சொன்னாள்.

நீ சொன்னதை ஒழுங்காகக் காதில் வாங்கினேனா என்று முதலில் சரிபார்த்துக்கொள்கிறேன். கோயம்புத்தூரில் அந்தப் பள்ளியில் வாலிபால் கோச்சாகச் சேர்ந்த முதல் வாரமே தாளாளர் உன்னை மேடையில் ஏற்றி, பெண்கள் டீமின் இந்த வருட இலக்கு என்ன என்று மைக்கை நீட்டினார். நீ மாநிலக் கோப்பை என்றாய். எல்லாரும் கைதட்டினார்கள். மறுநாள் மைதானத்தில் பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்து, ஒவ்வொருத்தியையும் அதையே உரக்கச் சொல்லவைத்தாய். அதற்கப்புறம் ஹாஸ்டல் பிள்ளைகள் வருவதில்லை. ஒருத்திக்கு வயிற்றுவலி, ஒருத்திக்கு டெஸ்ட், ஒருத்தி காரணம்கூடச் சொல்லவில்லை. வருகிற திங்கட்கிழமை வருடத் திட்டத்தைத் தாளாளரிடம் சொல்ல வேண்டும், மைதானத்தில் நிற்பதோ பாதி டீம். "பெரிசா சொன்னது தப்பா, சின்னதா சொல்லணுமாம்மா?" என்று கேட்டாய். வட்டமாக நிற்கவைத்தேன் என்று நீ சொன்னதுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அப்படியே என் ரத்தம். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. கூட்டத்தைக் கூட்டி மைக்கைக் கையில் கொடுத்தால் யார் வாயிலும் கோப்பைதான் வரும்.

நான் ஓய்வு பெற்ற அன்று பள்ளியில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, என்னென்னவோ பேசினார்கள். பல பேரை உருவாக்கினேனாம். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரே நினைப்பு, என்னை உருவாக்கியவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லையே என்று. அவர்களில் ஒருத்தி நீ. உன்னிடம் நேரில் சொன்னால் "சென்டிமென்ட் ஆரம்பிச்சிட்டியா" என்று எழுந்து போவாய். அதனால்தான் இந்தக் கடிதத்தில் பாதி பதில், பாதி நன்றி. எது எங்கே என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

நீ பிளஸ் ஒன் படித்த வருடத்திலிருந்து தொடங்குகிறேன். அந்த வருட டீமைப் போல ஒன்று எனக்கு அதற்கு முன்னும் அமையவில்லை, பின்னும் அமையவில்லை. கடலோரக் கிளிஞ்சல்மேட்டிலிருந்து கவியரசியும் அவள் கூட்டாளிகளும். காரைக்கால் டவுனில் மாதா கோவில் பக்கமிருந்து ரெஜினாவும் அவள் வகுப்புப் பிள்ளைகளும். நடுவில் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டராக நீ. கவி எழும்பி அடித்தால் எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் முகத்தை மூடிக்கொள்வார்கள். மணலில் விளையாடி வளர்ந்த கால், தரையில் எழும்புவது அவளுக்கு ஒரு வேலையே இல்லை. இந்த டீமை வைத்துக்கொண்டு பாண்டியில் நடக்கும் மாநிலப் போட்டியில் கோப்பை வாங்காவிட்டால் நான் பி.டி. டீச்சர் வேலையை விட்டுவிட்டு மாவரைக்கப் போகலாம் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் போகட்டுமே என்றார்.

நான் குரும்பகரத்துக்காரி. எங்கள் ஊரில் பயிர் பால்பிடிக்கும்போதே, எவ்வளவு விளையும் என்ற கண்டுமுதல் பேச்சு தொடங்கிவிடும். வரப்பில் போகிறவர் வருகிறவர் எல்லாம் என் அப்பாவிடம், "ஒரு மா நெலத்துக்கு எத்தன மூட்ட தேறும்?" என்று கேட்பார்கள். அவரும் கையை இடுப்பில் வைத்து வயலை ஒரு பார்வை பார்த்து, கொஞ்சம் கூட்டியே சொல்வார். குறைத்துச் சொன்னால் அந்த ஆளுக்குப் பயிரின் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். உரக்கச் சொல்லுவதுதான் தைரியம் என்று நான் அங்கே கற்றேன். அதையே கொண்டுவந்து உங்கள் தலையில் கட்டினேன். மைதானத்தில் எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்து, "இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்னு ஒவ்வொருத்தியா சொல்லணும், தெருவுக்குக் கேக்கணும்" என்றேன். ரெஜினா கத்திய கத்தலில் வேப்பமரத்திலிருந்த காக்கை எல்லாம் பறந்தது. டவுன் பிள்ளைகள் வரிசையாகச் சொன்னார்கள். நீயும் சொன்னாய். கவியின் முறை வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"சொல்லுடி" என்றேன். "வெளையாடுறேன் டீச்சர்" என்றாள். "வெளையாடறது இருக்கட்டும், ஜெயிப்பேன்னு சொல்லு. வாயத் தொறந்தா முத்து கொட்டிடுமா?" அப்போதும் கால்விரலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றாளே தவிர வாயைத் திறக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் நின்ற கிளிஞ்சல்மேட்டுப் பிள்ளைகளும் அப்படியே. எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு ஜெயிக்கும் ஆசையே இல்லையே இந்தப் பிள்ளைகளுக்கு என்று நினைத்தேன். "சொல்லாதவ டீம்ல இல்ல" என்று விசிலை ஊதினேன். கவி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். மறுநாள் மைதானத்தில் நெட் கட்டினோம், இரண்டு பக்கம் நின்று விளையாட ஆள் இல்லை. போட்டிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கவி இனிமேல் பந்தையே தொடமாட்டாளாம், வீட்டில் டிசி வாங்குகிற பேச்சு நடக்கிறதாம் என்று பள்ளியில் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் நீ என்னிடம் பேசியது உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. மைதானத்தில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன். நீ வீட்டு வாசலிலும் அதே வார்த்தையால் கூப்பிட்டாய். "டீச்சர், நான் செட்டர். நான் யாருக்குத் தூக்கிக் குடுக்கிறது, வேப்பமரத்துக்கா?" என்றாய். நான் ஒழுக்கம், கட்டுப்பாடு என்று ஏதோ ஆரம்பித்தேன். "அவ ஏன் சொல்லலன்னு கேட்டியா? கேக்கவே இல்லியே. வெரட்டத்தான் தெரியுது" என்றாய். கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன், உன் அப்பா நடுவில் வந்துவிட்டார். அந்த வார்த்தைக்கு இன்றைக்கு நன்றி சொல்கிறேன். வாய்க்கு வாய் பேசும் பிள்ளையைப் பெற்றது எனக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை மதியம் சாய்ந்த வேளையில் நீதான் என் ஸ்கூட்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்து, கிளிஞ்சல்மேட்டுக்கு விடு என்றாய். கவியின் வீட்டில் யாரும் இல்லை. எல்லாரும் கரையில் இருந்தார்கள். கவியின் அப்பா ஃபைபர் போட்டில் கிளம்பிக்கொண்டிருந்தார். இரவு வலை போட்டு விடியலில் திரும்பும் தொழில். கவியின் அம்மா சோற்றுத் தூக்கை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கவி போட்டின் மறுபக்கம் போய் நின்றுகொண்டாள். எனக்குச் சங்கடம். பேச்சை எப்படியாவது கலகலப்பாக ஆரம்பிக்கலாம் என்று நினைத்து, கவியின் அப்பா ஒரு காலைப் படகுக்குள் எடுத்து வைத்த நேரத்தில், "என்னண்ணே, இன்னிக்கி எவ்வளவு மீன் வரும்?" என்று சத்தமாகக் கேட்டேன்.

போட்டைத் தள்ள நின்ற ஆட்கள் கையை எடுத்துவிட்டார்கள். கவியின் அப்பா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, டீச்சரம்மாவாச்சே என்ற மரியாதைதான் முகத்தில். ஆனால் உள்ளே வைத்த காலை எடுத்து வெளியே வைத்தார். மேலே ஏறி வந்து வலைக் குவியலின் மேல் உட்கார்ந்தார். "தண்ணி குடு" என்றார். குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. நீ என் முதுகில் கிள்ளினாய். கவியின் அம்மாதான் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "கடலுக்குப் போற ஆள்ட்ட அத மட்டும் கேக்க மாட்டோம் டீச்சர். போறப்ப மீனப் பத்தி யாரும் வாயத் தொறக்க மாட்டோம்." நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். "அப்ப என்னாக்கா கேக்கறது?" என்றேன். "ஐஸ் ஏத்தியாச்சா, டீசல் இருக்கா, வலையில பொத்தல் பாத்தியா, அதெல்லாம் எத்தன தடவ வேணாலும் கேளுங்க. கேக்காட்டித்தான் கோச்சுக்குவாரு" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. நானே அவர் பக்கத்தில் போய், "அண்ணே, ஐஸ் ஏத்தியாச்சா?" என்று கேட்டேன். கரையே சிரித்தது. "ஏத்தியாச்சு டீச்சரம்மா" என்று எழுந்து போனார். அந்த நேரத்தில் முதல் நாள் போன வேறொரு போட் தாமதமாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தது. கவியின் அம்மா நெற்றியில் கையை வைத்து அதைப் பார்த்து, "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று குரல் கொடுத்தார். அங்கிருந்து ஒருவர் கையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் மீனைப் பற்றிய பேச்சு எழுந்தது. சுனாமி பல பேரை எடுத்துக்கொண்டு போன ஊர் அது. எல்லாரும் வந்துட்டாங்களா என்ற அந்தக் கேள்வியை நான் அன்றைக்குக் காதில் வாங்கினேனே தவிர, மனதில் ஏற்றவில்லை.

திரும்பி வரும்போது ஸ்கூட்டியில் நீ பேசிக்கொண்டே வந்தாய். "இப்பப் புரியுதா? ஆசை இல்லாம இல்ல அவளுக்கு. ஆசை இருக்கிறதாலதான் சொல்லல. நீ போட்ல கால வைக்கிறப்ப மீனக் கேட்ட" என்றாய். எதிர்க்காற்றில் பாதி கேட்டது, ஆனால் போதுமானது கேட்டது. அவ்வளவு நாளும் நான் ஒரு டீமுக்கு இலக்கு என்பது கத்திச் சொல்ல வேண்டிய ஒன்று என்று நினைத்திருந்தேன். கோப்பை நம் கையில் இல்லாத சமாசாரம், பாப்பா. எதிர்ப்பக்கம் யார் வருகிறார்கள், நடுவர் எப்படி, காற்று எந்தப் பக்கம் என்று ஆயிரம் இருக்கிறது. அதைப் போய் ஒரு பிள்ளையின் தலையில் வைத்து, வாங்கித் தருகிறேன் என்று சொல்லச் சொன்னால், கெட்டிக்காரப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளத்தான் செய்யும். ஐஸ் ஏற்றுவது நம் கையில் இருக்கிறது. வலையில் பொத்தல் பார்ப்பது நம் கையில் இருக்கிறது. அதைச் சொல்லலாம், கேட்கலாம், செய்யாவிட்டால் கோபித்தும் கொள்ளலாம்.

திங்கட்கிழமை கவியும் மற்றவர்களும் வந்தார்கள். நான் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். கவிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. புதிதாகத் தெரிந்துகொண்ட ஆர்வத்தில் நான் ஒவ்வொருத்திக்கும் ஒரு கட்டு வேலையை அளந்து போட்டேன். சர்வீஸ் இப்படி, ரிசீவ் அப்படி, குனிவது, நிமிர்வது என்று. இரண்டே நாளில் எல்லார் முகமும் கணக்குப் பரீட்சை எழுதப் போகிற முகமாகிவிட்டது. அப்போதும் நீதான் சொன்னாய், "எங்களுக்கு என்ன வேணும்னு எங்களக் கேளேன்" என்று. கேட்டேன். ஆளுக்கு ஒன்று, ஒன்றே ஒன்று, அவரவர் வாயால். அன்றைக்கு வந்த பதில்களில் ஒன்றைக்கூட நான் எதிர்பார்க்கவில்லை.

ரெஜினா, "தப்புப் பண்ணா பல்ல இளிக்காம இருக்கேன் டீச்சர்" என்றாள். அவள் பந்தை விட்டுவிட்டுச் சிரிப்பது திமிர் என்று நான் நினைத்திருந்தேன். பயத்தில் சிரிக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கவி, "அடிச்சிட்டு எறங்கறப்ப ஒத்தக் கால்ல எறங்குறேன், முட்டி வலிக்குது. ரெண்டு கால்ல எறங்கப் பழகணும்" என்றாள். அந்தப் பிள்ளை வலியோடு எவ்வளவு நாள் எழும்பிக்கொண்டிருந்தாளோ! நான் எப்போதும் பந்து போகும் திசையைத்தான் பார்த்தேன், அவள் இறங்குவதைப் பார்த்ததே இல்லை. கோப்பை கோப்பை என்று கத்திக்கொண்டிருந்தால் அந்த முழங்கால் போயிருக்கும், எனக்குத் தெரிந்தே இருக்காது. உன் முறை வந்தது. நீ கொஞ்சம் யோசித்து, "நான் கவிக்கே தூக்கிக் குடுக்கிறேன். கஷ்டமான பந்துன்னா கண்ணை மூடிட்டு அவளுக்குத்தான். மத்தவங்களுக்கும் தூக்கணும்" என்றாய். டவுன் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்ததை நீயே எடுத்து நடுவில் வைத்துவிட்டாய். என் வயிற்றில் பிறந்ததா இது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. விசிலை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினேன்.

அதற்கப்புறம் நாம் வைத்துக்கொண்ட பழக்கம் உனக்கு மறந்திருக்காது. சாயங்காலம் நெட்டை அவிழ்ப்பதற்கு முன்னால் ஒருத்தி இன்னொருத்தியிடம், "ஐஸ் ஏத்தியாச்சா?" என்று கேட்க வேண்டும். "ஏத்தியாச்சு" என்றோ "பாதி" என்றோ பதில். என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. பாதி என்று சொல்ல யாரும் கூச்சப்படக் கூடாது என்பது மட்டும் என் விதி. பாதி என்று சொன்னவளோடு கேட்டவளும் நின்று மிச்சத்தைச் செய்துவிட்டுப் போக வேண்டும் என்பது கவி சேர்த்த விதி. முடிந்தவள் புதிதாக ஒன்றை எடுத்துக்கொள்வாள். எடுத்தது ரொம்பப் பெரிதாகத் தெரிந்தால் பாதியாக நறுக்கிக்கொள்வாள். பரீட்சை வாரத்தில் எல்லாருமே சின்னதாக எடுத்தார்கள், நானும் விட்டுவிட்டேன். ரெஜினாவுக்கு மட்டும் கோப்பை வேண்டும். அது இல்லாமல் அவளுக்கு ஓட்டமே வராது. அவளைத் தடுக்கவில்லை. பயிற்சிக்கு முன்னால் அவள் வேப்பமரத்தடியில் போய் "கப்பு நமக்கே" என்று கத்திவிட்டு வருவாள். கவி அந்த நேரத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். இருவருக்கும் சண்டை இல்லை. ஒரே டீமில் அந்த இரண்டுக்கும் இடம் இருந்தது.

பாண்டிக்குப் போனோம். சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று பஸ்ஸில் ரெஜினா வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தாள். மைதானத்தில் இறங்குமுன் நீங்கள் எல்லாரும் தோளில் கை போட்டு நின்று ஐஸ் ஏத்தியாச்சா என்று கேட்டுக்கொண்டதைப் பார்த்து, பக்கத்து டீமின் கோச் என்னிடம், குடிக்கத் தண்ணீர் இல்லையா என்று விசாரித்தார். அரையிறுதி வரை வந்தோம். கடைசி செட். அந்தக் கடைசிப் பந்தைப் பற்றி நாம் இருவரும் இதுவரை பேசியதில்லை. நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். கவியின் முன்னால் எதிர்ப்பக்கத்து உயரமான பிள்ளைகள் கையைத் தூக்கி நின்றார்கள். ரெஜினாவின் பக்கம் ஆள் இல்லை. பந்து உன் தலைக்கு மேல் வந்தது. நீ ரெஜினாவுக்குத் தூக்கினாய். அழகாகத் தூக்கினாய், தடவிக் கொடுத்த மாதிரி. அவள் அடித்தாள், பந்து கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழுந்தது. தோற்றோம்.

உனக்கு உறுதியாக ஒன்று சொல்கிறேன், நம்பு. நீ செய்தது சரி. ஜெயித்திருந்தாலும் அது சரிதான், தோற்றதால் அது தப்பாகிவிடவில்லை. நீ எடுத்துக்கொண்ட வேலையை, செய்யவே முடியாத நேரத்தில் செய்தாய். அன்றைக்கே உன்னைக் கட்டிப்பிடித்து இதைச் சொல்லியிருக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் முன்னால் என் பெண்ணைத் தனியாகக் கொஞ்சக் கூடாது என்று விறைப்பாக நின்றுவிட்டேன். ரெஜினா சிரிக்கவில்லை. அழவும் இல்லை, அப்படியே நின்றாள். முதலில் அவளிடம் போனவள் கவி. தோளில் கையைப் போட்டு, "ஏத்தியாச்சுல்ல, விடு" என்றாள். அந்த ஆட்டத்தில் அவள் ஒரு தடவைகூட ஒற்றைக் காலில் இறங்கவில்லை. நான் பந்தைப் பார்க்காமல் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் தெரியும்.

திரும்பி வரும் பஸ்ஸில் யாரும் பாடவில்லை. நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, நாளைக்கு மைதானத்துக்கு யார் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். தோற்ற டீம் எப்படிக் கலையும் என்று எனக்குத் தெரியும், பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லிவிட்டுப் போக மாட்டார்கள். ஒவ்வொரு நாளும் ஒருத்தி வர மாட்டாள், அவ்வளவுதான். காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். கவியின் அம்மா நின்றுகொண்டிருந்தார். அவர் கோப்பை இருக்கிறதா என்று யார் கையையும் பார்க்கவில்லை. பஸ் படியில் ஒவ்வொரு தலையாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, "எல்லாரும் வந்துட்டாங்களா டீச்சர்?" என்றார். வந்துட்டோம்க்கா என்றேன். கரையில் காதோடு விட்ட கேள்வி அப்போதுதான் மனதில் ஏறியது, பையை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். நல்லவேளை, பஸ்காரன் ஹார்ன் அடித்தான், எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

மறுநாள் நான் போவதற்கு முன்பே நெட் கட்டியிருந்தது. எல்லாரும் இருந்தார்கள். ரெஜினா வேப்பமரத்தடியில் கத்திக்கொண்டிருந்தாள், கவி காதைப் பொத்திக்கொண்டிருந்தாள், நீ என்னிடம் ஏன் லேட் என்று கேட்டாய். அடுத்த வருடம் அந்த டீம் கோப்பை வாங்கியது, பேப்பரில் போட்டோ வந்தது, எல்லாம் உண்மைதான். ஆனால் என் உத்தியோக காலத்தில் எது சாதனை என்று என்னைத் தனியாகக் கேட்டால், அந்த மறுநாளைத்தான் சொல்வேன். அதை எனக்குக் கொடுத்தவர்கள் நீங்கள். கவி இன்றைக்குப் போலீசில் இருக்கிறாள், துறை டீமில் விளையாடுகிறாள், இன்னமும் இரண்டு காலில்தான் இறங்குகிறாள். ரெஜினா தன் மகளை என்னிடம் பயிற்சிக்கு அனுப்பட்டுமா என்று கேட்கிறாள். நான் ஓய்வில் இருக்கிறேன் என்றால் சிரிக்கிறாள். உங்கள் எல்லாருக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை எந்த மேடையில் சொன்னாலும் அடங்காது.

இனி உன் திங்கட்கிழமைக்கு வருகிறேன், நீ பாயின்ட்டுக்கு வா என்று சொல்லுமுன். தாளாளருக்குக் கோப்பை வேண்டுமென்றால் கொடுத்துவிடு. அவரும் ஒரு ரெஜினாதான், கத்தினால்தான் அவருக்கு ஓட்டம் வரும். வருடத்துக்கு ஒரு தடவை அவர் அறையில் சொல்லிவிட்டு, அந்தக் கதவைச் சாத்திவிட்டு வா. மைதானத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகாதே. ஹாஸ்டலுக்குப் போ. விசில் கழுத்தில் வேண்டாம். வயிற்றுவலி என்றவளிடம் வயிற்றுவலியைப் பற்றியே கேள். அந்தப் பிள்ளைகள் எந்தக் கரையிலிருந்து வந்தவர்களோ, அவர்கள் ஊரில் எதைக் கேட்கக் கூடாதோ, உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. கேட்டால் சொல்வார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தால் எல்லார் முன்னாலும் கேள். பழகினால் அவ்வளவு கசப்பாக இருக்காது. அப்புறம் ஆளுக்கு ஒரு வேலையை அவர்கள் வாயாலேயே வாங்கு. நீயும் ஒன்று எடுத்துக்கொள், அவர்களுக்கும் அதைச் சொல். கோச் பாதி என்று சொல்வதை ஒரு தடவை கேட்டுவிட்டால் பிள்ளைகள் தாமாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் போன் செய்வேன். அடுப்பை அணைத்துவிட்டு, உன் அப்பாவின் டிவியையும் அணைத்துவிட்டுத்தான் செய்வேன். தாளாளர் என்ன சொன்னார் என்று கேட்க மாட்டேன். கோப்பையைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன். மைதானத்தில் எல்லாரும் வந்துட்டாங்களா என்று மட்டும் கேட்பேன். நீ பாதி என்று சொன்னாலும் எனக்குப் போதும், பாப்பா. மிச்சப் பாதிக்கு நானும் உன்னோடு நிற்பேன்.

அம்மா